அங்க அடையாளம்

பிள்ளையை அப்படி நெட்டுக்குத்தலாகப் பிடிக்காதீர்கள் தம்பி, அதற்குக் கழுத்து வலிக்கும். தோளில் சாய்த்துப் போட்டு முதுகில் லேசாகத் தட்டிக் கொடுங்கள். ஆமாம், அப்படித்தான். பார்த்தீர்களா, அடங்கிவிட்டது. எனக்கு மூன்று பிள்ளைகள். நான் தூக்கி வளர்த்தேன் என்று சொல்ல மாட்டேன், மில்லில் ஷிப்டு வேலை. அவள் தூக்கினதைப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே போன பிள்ளை உங்கள் சம்சாரம்தானே? தைராய்டுக்கா? அதுதானே பார்த்தேன். முகமெல்லாம் ஊதி, தூங்கி எழுந்த மாதிரி வந்ததே. பயப்படாதீர்கள். ஆளைக் கொல்கிற நோய் இல்லை அது. குடும்பத்தைத்தான் கொல்லும்.

சிரிக்காதீர்கள். பட்டவன் சொல்கிறேன்.

அந்தா, ஜன்னல் ஓரத்துப் பெஞ்சில் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள் பாருங்கள், அவள் என் சம்சாரம். செண்பகவல்லி. நான் கூட்டிக்கொண்டு வரவில்லை. அவள் கடம்பூரிலிருந்து வந்தாள், நான் கோவில்பட்டியிலிருந்து வந்தேன். பிரிந்து பல வருசம் ஆகிறது. கடம்பூரில் அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். அவர் காலமான பிறகு தனியாக ஒரு வீடு எடுத்துக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போகிறாள். கோர்ட்டு, விடுதலைப் பத்திரம், அப்படி எல்லாம் ஒன்றும் கிடையாது. தாலி இன்னும் கழுத்தில்தான் இருக்கிறது.

வருசத்துக்கு இரண்டு தடவை இங்கே ரத்தம் கொடுக்க வருவாள். மூத்தவன் போனில் சொல்வான், "அம்மா நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்கு வருதுப்பா" என்று. நானும் முதல் பஸ் பிடித்து வந்து இந்தப் பெஞ்சில் உட்காருவேன். அவள் அந்தப் பெஞ்சில் உட்காருவாள். இதோ, இந்த பிளாஸ்க்கில் காப்பி இருக்கிறது. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்துவிட்டு வருவாளே என்று ஒவ்வொரு தடவையும் கொண்டுவருகிறேன். ஒரு வாய் குடித்ததில்லை. பஸ் ஸ்டாண்டில் நானே குடித்துவிட்டுப் போவேன்.

என்ன தப்பு செய்தீர்கள் என்று கேட்கிறீர்களா? அதைத்தான் தம்பி நானும் கேட்கிறேன். குடிக்கிறவன் இல்லை. கை நீட்டினவன் இல்லை. வேறு வீட்டு வாசலை மிதித்தவன் இல்லை. ஒரு வார்த்தை சொன்னேன். ஒரே ஒரு வார்த்தை. அதுவும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றச் சொன்னது. முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். உங்கள் சம்சாரம் வர நேரமாகும், உள்ளே கூட்டம்.

எனக்கு ஒரே தங்கச்சி. குருவம்மாள். அப்பா இல்லாத வீட்டில் அவளுக்கு எல்லாம் நான்தான். சங்கரன்கோவிலில் கட்டிக் கொடுத்தேன், நல்ல இடம். ஆனால் வருசம் போகிறது, வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அவள் மாமியார், மாட்டைப் பார்த்துப் பேசுகிற மாதிரி அவளைப் பேச ஆரம்பித்தாள். "ஈனாத மாட்டுக்கும் பருத்திக்கொட்டைதான் வைக்கிறோம்" என்பாளாம், இவள் சாப்பிட உட்காரும்போது. மாப்பிள்ளைக்கு வேறு பெண் பார்க்கிறார்கள் என்றுகூடக் காதில் விழுந்தது.

அந்த நேரத்தில் ஒரு டாக்டரம்மா குருவுவின் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "தைராய்டு டெஸ்ட் எடுத்துப் பாரும்மா. அது இருந்தா பிள்ளை நிக்கிறது கஷ்டம், மாத்திரை போட்டா சரியாப் போகும்" என்று சொல்லியிருக்கிறார். சங்கரன்கோவிலில் எடுத்தால் ஊருக்கே தெரிந்துவிடும். அங்கே ரத்தம் எடுக்கிறவன் மாப்பிள்ளைக்குச் சித்தப்பா மகன். குறையுள்ள பெண் என்று எழுதி நெற்றியில் ஒட்டின மாதிரி. இவள் என்னிடம் ஓடி வந்தாள்.

"அண்ணே, என் பேர்ல மட்டும் எடுக்கக் கூடாதுண்ணே. பேரு வெளிய தெரிஞ்சா மறுநாளே என்னைக் கொண்டாந்து ஒங்க வாசல்ல விட்டுருவாக."

நீங்களே சொல்லுங்கள். அண்ணனாகப் பிறந்தவன் என்ன செய்வான்?

எங்கள் மில்லுக்கு என்று தனி ஆஸ்பத்திரி உண்டு. தொழிலாளிக்கும் அவன் பெண்டாட்டி பிள்ளைக்கும் வைத்தியம் அங்கேதான். அதற்கு ஓர் அட்டை. அந்தக் காலத்து அட்டையில் போட்டோ கிடையாது. பேர், வயது, உறவு, அங்க அடையாளம். அவ்வளவுதான். என் சம்சாரத்துக்கு அங்க அடையாளம், வலது தாடையில் மச்சம். செண்பகத்துக்குப் பிரசவம் மூன்றும் கடம்பூரில், அவள் அம்மா வீட்டில். அதனால் மில் ஆஸ்பத்திரியில் அவள் முகத்தை ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு அது தோன்றிவிட்டது.

செண்பகத்திடம் சொன்னேன். ஒளித்து மறைத்துச் செய்யவில்லை, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அவள் அப்போது சிரித்தாள். "என் பேரைத்தானே கேக்கா, உசுரையா கேக்கா? எடுத்துக்கிடட்டும்" என்றாள். அன்றைக்குக் காலையில் அவளே குருவுவை உட்காரவைத்து, தீக்குச்சி முனையில் கண்மையைத் தொட்டு வலது தாடையில் ஒரு மச்சம் வைத்துவிட்டாள். தள்ளி நின்று பார்த்தாள். அழித்துவிட்டு, கொஞ்சம் கீழே மறுபடி வைத்தாள்.

"மதினி, எனக்கு நல்லாருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. அங்க போயி அண்ணே நொண்ணேன்னு கூப்பிட்டுத் தொலைச்சிராத. 'என்னங்க'ன்னு கூப்பிடணும். எங்க, ஒரு தடவ கூப்பிடு பாப்போம்."

குருவு என்னைப் பார்த்து, "என்ன..." என்றாள். அதற்குமேல் வரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். செண்பகம் சிரிக்கிறாள். எங்கள் அம்மாகூடச் சிரித்தாள். அப்படி ஆரம்பித்த காரியம் தம்பி அது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஸ்டெல்லா சிஸ்டர் என்று பேர், "செண்பகவல்லி!" என்று கூப்பிடுகிறார். இவள் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறாள். "செண்பகவல்லி! செண்பகவல்லி!" நான் முழங்கையால் ஓர் இடி இடித்தேன். அப்புறம்தான் எழுந்தாள்.

"என்னம்மா, சொந்தப் பேரு மறந்து போச்சா?"

"காது கொஞ்சம் மந்தம் சிஸ்டர்," என்றேன் நான். அந்த நேரத்துக்கு அப்படி வந்தது. அதற்கப்புறம் எப்போது போனாலும் ஸ்டெல்லா சிஸ்டர் குருவுவின் காதருகே குனிந்து கத்தித்தான் பேசுவார். நல்ல மனுசி. குருவுமேல் பிரியமாகிவிட்டார்.

ரத்தம் மதுரைக்குப் போய் முடிவு வந்தது. தைராய்டுதான். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. மாதா மாதம் அட்டையைக் காட்டி நான் மாத்திரையை வாங்கி, சங்கரன்கோவில் போய்க் கொடுத்துவிட்டு வருவேன். சத்து மாத்திரை என்று சொல்லிச் சாப்பிட்டுக்கொண்டாள். சில மாதத்துக்கு ஒரு தடவை கோவில்பட்டிக்கு வந்து, மச்சம் வைத்துக்கொண்டு, ரத்தம் கொடுத்துவிட்டுப் போவாள். ஒரு மாதம்கூட நான் தவறவிட்டதில்லை. மழை பெய்தாலும், மில்லில் ஓவர்டைம் இருந்தாலும். யார் செய்வார்கள் சொல்லுங்கள்?

நம்பினால் நம்புங்கள், பிள்ளை நின்றது. ஆண் பிள்ளை. என் மடியில் உட்காரவைத்துத்தான் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். அந்த மாமியார்க்காரியே என்னைக் கும்பிட்டாள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை, வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அன்றைக்குத்தான் செண்பகம் என்னை முதல் முதலாக அவமானப்படுத்தினாள். பந்தியில் சம்பந்தகாரர்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். இவள் இலையில் கையை வைத்தபடியே தூங்கிவிட்டாள். உட்கார்ந்தவாக்கில். சாம்பார் விரல் வழியாக ஓடுகிறது. கடைசிப் பிள்ளை மடியில் கிடந்து கத்துகிறது. குருவுவின் மாமியார் என்னைப் பார்த்து, "ராத்திரியெல்லாம் என்ன வேலையோ குருவு மதினிக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. தலை சீவினால் முடி கொத்துக் கொத்தாக வருகிறது என்று சுருட்டிக் கொண்டுவந்து காட்டுவாள். பங்குனி வெயிலில் குளிருகிறது என்று என் மப்ளரை எடுத்துக் காதில் கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்பாள். கால் வீங்கியிருக்கிறது என்பாள். குரல் ஆம்பிளைக் குரல் மாதிரி ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டு, மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்திருப்பாள். வேலை முடித்து வருகிறேன், சோறு குழைந்து கிடக்கும், இல்லை அடிபிடித்துக் கிடக்கும்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது தம்பி. இதெல்லாம் குருவு சொன்னதுதானே? முடி, குளிர், தூக்கம், கால் வீக்கம். டாக்டர் கேட்கக் கேட்க அவள் சொன்னதை வீட்டில் வந்து எல்லோரிடமும் சொன்னாள். அதை இவள் பாடம் பண்ணி வைத்துக்கொண்டு எனக்கு ஒப்பிக்கிறாள் என்று நினைத்தேன். நாத்தனாரைத் தாங்குகிறேன் என்று பொறாமை. நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். ஒரு வீட்டில் ஒரே நோய் இரண்டு பேருக்கு எப்படி வரும்? இரண்டு பேரும் ரத்த சொந்தம்கூடக் கிடையாது. எங்கள் அம்மாவும் சொன்னாள், "அஞ்சு பெத்தேன் நான், ஒரு நாள் பகல்ல படுத்திருப்பேனா? மூணு பெத்தவளுக்கு என்ன அலுப்பு?" என்று.

ஒரு நாள் நான் சங்கரன்கோவிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மாத்திரைப் புட்டி மஞ்சள் பையில் இருக்கிறது. இவள் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, இதுல கொஞ்சம் எனக்குக் குடுங்க. போட்டுப் பாக்கேன்."

"அது அவ மாத்திரை."

"மேல என் பேருதானே எழுதியிருக்கு?"

"பேரு எழுதியிருந்தா? மாத்திரை என்ன பொரிகடலையா, பங்கு வச்சுத் தின்ன?"

"அப்ப என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ரத்தம் குடுக்கேன். இல்லன்னு சொல்லிட்டா இந்தப் பேச்சே எடுக்கல."

நான் பக்குவமாகத்தான் சொன்னேன். அங்கே செண்பகவல்லி என்றால் குருவுதான். நீ போய் நின்றால் குட்டு உடைந்துவிடும், என் வேலை போகும், அவள் வாழ்க்கை போகும். வெளியில் எங்காவது காட்டலாம், ஆனால் கோவில்பட்டியில் எங்கே காட்டினாலும் மில்காரன் கண்ணில் படாமல் இருக்காது. குருவுக்கு இன்னொரு பிள்ளையும் நிற்கட்டும். அவளுக்குக் காலூன்றிக்கொள்ள வழி பிறந்துவிட்டால் அப்புறம் உன்னைத்தான் பார்க்கப்போகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கோ என்றேன்.

அவள் புட்டியைப் பையில் வைத்தாள். "எனக்கு ஒரு பேரு இருந்துச்சு. அதையும் நானே மை வச்சுக் குடுத்துட்டேன்," என்றாள். குத்தலாகப் பேசுவதற்கு மட்டும் அலுப்பு கிடையாது.

பொறுத்துக்கொள்ளவில்லையே. அங்கேதான் எல்லாம் கெட்டது.

பகல் ஷிப்டு. ஸ்பின்னிங்கில் நின்றுகொண்டிருக்கிறேன். வாட்ச்மேன் வந்து, "ஒம்ம ஆஸ்பத்திரியில கூப்பிடுதாக, உடனே வாரும்" என்றான். தலையெல்லாம் பஞ்சோடு ஓடினேன். உள்ளே போனால் செண்பகம் நிற்கிறாள். இடுப்பில் கடைசிப் பிள்ளை. அட்டை ஸ்டெல்லா சிஸ்டர் கையில். மில் ஆபீசிலிருந்து லேபர் ஆபீசர் வேறு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

நான் வேலைக்குப் போன பிறகு, பெட்டியிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இவள் போயிருக்கிறாள். "நான் செண்பகவல்லி, எனக்கு ரத்தம் எடுங்க" என்று சொல்லியிருக்கிறாள். ஸ்டெல்லா சிஸ்டர் விடுவாரா? "செண்பகவல்லியை எனக்குத் தெரியாதா? எத்தனை வருசமா என் கையில ரத்தம் குடுக்கிறவ. நீ யாரு? யாரு அட்டையைத் திருடிட்டு வந்த?" என்று பிடித்துக்கொண்டார். இவள் தாடையைத் தொட்டு, "இந்தா பாருங்க மச்சம்" என்றிருக்கிறாள். சிஸ்டர் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, அந்த மச்சத்தை அழி அழி என்று அழித்திருக்கிறார். நிஜ மச்சம் எப்படிப் போகும்? நான் போகும்போது அந்த இடம் செக்கச்செவேல் என்று இருந்தது. தோல் கன்றிவிட்டது.

லேபர் ஆபீசர் கேட்டார். "இந்தப் பொம்பளை உம்ம சம்சாரம்ங்கிறா. சிஸ்டர் இல்லைங்கிறாங்க. யாரய்யா இது?"

நீங்கள் அந்த இடத்தில் நின்று பார்க்கணும் தம்பி. ஆமாம் என்று சொன்னால், இத்தனை வருசம் வந்தது யார் என்று கேட்பான். வேலை போய்விடும். போலீசுக்குக்கூடப் போவான். சங்கரன்கோவிலில் குருவுவைப் பிள்ளையோடு வெளியே தள்ளுவார்கள். ஒரு நிமிசத்தில் இத்தனையும் என் மண்டையில் ஓடியது. எத்தனை தலை உருளும் என்று நான் பார்த்தேன்.

"என் தங்கச்சி சார்," என்றேன். "உடம்புக்கு முடியல. அறியாம வந்துட்டா. மன்னிச்சுக்கிடுங்க."

அந்த நேரம் பார்த்து இடுப்பில் இருந்த பிள்ளை என்னைப் பார்த்துத் தாவுது. "அப்பா, அப்பா" என்று இரண்டு கையையும் நீட்டுது.

சிஸ்டர் உற்றுப் பார்த்தார். "என்ன, பிள்ளை அப்பாங்குது?"

எனக்கு அப்போது எப்படித்தான் அந்தப் புத்தி வந்ததோ. "என் பிள்ளைக கூப்பிடுறதைப் பாத்து இதுவும் அப்படியே பழகிருச்சு சிஸ்டர். தாய்மாமனைத்தானே கூப்பிடுது" என்றேன். சிஸ்டர் சிரித்துவிட்டார். லேபர் ஆபீசரும் எழுந்துவிட்டார். "தங்கச்சி மேல பாசம் இருந்தா நீர் செலவழிச்சுப் பாரும்யா, மில்லு தலையில கட்டாதீரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். மலை மாதிரி வந்தது பனி மாதிரிப் போய்விட்டது. வேறு ஒருத்தனாக இருந்தால் அந்த இடத்தில் உளறிக்கொட்டியிருப்பான்.

செண்பகம் அழவில்லை. நீட்டின பிள்ளையின் கை இரண்டையும் பிடித்து மடக்கித் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டு வெளியே போனாள். நான் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. சாமர்த்தியமாகத் தப்பித்தோம் என்று அவளுக்கும் இருக்கும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் ஷிப்டு முடிந்து வந்து கால் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். அம்மா பக்கத்தில் இருக்கிறாள். பெரியவன் படித்துக்கொண்டிருக்கிறான். செண்பகம் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். தட்டு கையில்.

"அண்ணே, சோறு வைக்கட்டுமா?" என்றாள்.

எங்கள் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "அடிப் பாவி, கட்டின புருசனைச் சொல்ற சொல்லா இது? நாக்கு அழுகிப் போகும்டி!" என்று கத்துகிறாள். நானும் வாயில் வந்ததை எல்லாம் பேசினேன். இவள் நிதானமாகத் தட்டை என் முன்னால் வைத்து, சோறு போட்டு, குழம்பு ஊற்றி, "சாப்பிடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். கோபத்தில் சொல்கிறாள், விடிந்தால் சரியாகிவிடும் என்று பார்த்தேன். விடிந்தது. "காப்பி ஆறுதுண்ணே" என்கிறாள். பெரியவன் என்னைப் பார்க்கிறான், அவளைப் பார்க்கிறான்.

இதைக் கேட்டுக்கொண்டு ஒரு வீட்டில் எப்படி இருப்பது? அவள் இருக்கவில்லை. அந்த வாரமே கடைசிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடம்பூர் போய்விட்டாள். மற்ற இரண்டும் பின்னாலேயே போய்விட்டன.

சொந்தத்தில் பெரிய ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் பெரியப்பா அவளிடம் பக்குவமாகத்தான் கேட்டார். "ஏந்தாயி, அவன் ஒரு நெருக்கடியில சொன்னது. அதைப் பிடிச்சிக்கிட்டுத் தொங்கலாமா?" அதற்கு இவள் சொல்கிறாள்:

"அத்தன பேரு முன்னால தங்கச்சின்னாரு மாமா. கட்டிக்குடுத்த தங்கச்சி அண்ணன் வீட்டுல எத்தன நாளைக்கு இருக்க முடியும்? சீர் குடுத்து அனுப்பச் சொல்லுங்க."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் என்னோடு பேசவில்லை. என்னிடம் எதற்குப் பேசாமல் வரணும்? நானா அப்படிச் சொன்னேன்?

அப்புறம் அவள் அண்ணன்தான் இங்கே, இந்தப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருக்கிறார். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். செண்பகவல்லி என்ற பேரில். முடிவைப் பார்த்த டாக்டர், "இதோட இத்தனை நாள் எப்படிம்மா நடமாடின?" என்று கேட்டாராம். மூத்தவன் சொன்னான். டாக்டர்கள் என்றால் அப்படித்தான் பேசுவார்கள், பயமுறுத்தினால்தானே மாத்திரையை ஒழுங்காகப் போடுவார்கள். சரி, இருந்திருக்கிறது. நோய் இருந்திருக்கிறது. நான் இல்லை என்று சொல்லவில்லையே. கொஞ்சம் பொறு என்றுதானே சொன்னேன்.

குருவுக்கு மாத்திரை நின்றதா என்று கேட்கிறீர்களா? ஒரு மாதம் நின்றதில்லை தம்பி. மில்லை மூடுகிற வரைக்கும் செண்பகவல்லி பேரில் வாங்கிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்லப்போனால், இவள் கடம்பூர் போன பிறகு யாரும் வந்து நின்றுவிடுவார்களோ என்கிற பயம்கூட இல்லை. குருவுக்கு இரண்டாவதும் பிறந்தது, பெண் பிள்ளை. அவள் நன்றாக இருக்கிறாள்.

இதில் இன்னொன்று கேளுங்கள். குருவுவிடம் இவளுக்குக் கோபமே கிடையாது. விசயம் தெரிந்து அவள் கடம்பூருக்குப் போய், "மதினி, என்னாலதானே" என்று காலில் விழுந்திருக்கிறாள். இவள் தூக்கிவிட்டு, சாப்பாடு போட்டு, "நீ கேட்ட, நான் குடுத்தேன். அதுல ஒண்ணுமில்ல" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். இப்போதும் நல்லது கெட்டதுக்கு இரண்டு பேரும் போன் பேசிக்கொள்கிறார்கள். குருவு தன் பெண்ணுக்கு வைத்த பேர் என்ன தெரியுமா? செண்பகவல்லி. என்னைக் கேட்டா வைத்தாள்? யாருக்காக இத்தனையும் பட்டேனோ அவளும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டாள். நான்தான் ஆகாதவன்.

இருங்கள். கூப்பிடுகிறார்கள்.

கேட்டீர்களா? "செண்பகவல்லி" என்று நர்ஸ் ஒரு தடவைதான் சொன்னாள். "நான்தான்!" என்று இவள் சொன்ன சத்தம் கேட்டதா? கட்டடமே அதிர்கிறது. எதற்கு அவ்வளவு சத்தம்? எனக்குக் காது மந்தமா? ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிந்துதான் கத்துகிறாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறாள் பாருங்கள்.

அந்தா உங்கள் சம்சாரம் வந்துவிட்டது. வாம்மா, உட்காரு. பஞ்சை இன்னும் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடி. பிள்ளையை அவரே வைத்திருக்கட்டும், உன்னிடம் கொடுக்க வேண்டாம். இல்லை தம்பி, நீங்கள் கூட வந்தது நல்ல காரியம்தான். எனக்கு லீவு கிடைத்ததில்லை.

எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். திரும்பி வா என்றுகூட இப்போது கேட்கிறதில்லை. சாகிறதுக்கு முன்னால் ஒரு தடவை "என்னங்க" என்று கூப்பிட்டாள் என்றால் போதும். குருவுக்குச் சொல்லிக் கொடுத்தாளே, அதை அவள் ஒரு தடவை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

என்ன அங்கே? நர்ஸ் எதற்கு வெளியில் வந்து பார்க்கிறாள்? என்னவோ சொல்கிறாளே. யாருக்கு மயக்கம் என்கிறாள்? செண்பகத்துக்கா? அதுதான் வெறும் வயிறு. வெறும் வயிற்றோடு கடம்பூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டு வந்திருப்பாள். எனக்குத் தெரியும். அதற்குத்தானே நான் இதைத் தூக்கிக்கொண்டு...

யாரைக் கேட்கிறாள்? அண்ணனா?

அண்ணன் வெளியில் இருக்காருன்னு அவளே சொன்னாளாமா?

அவள் அண்ணன் செத்துப்போனார் தம்பி. சொன்னேனே உங்களிடம். வேறு அண்ணன் தம்பி அவளுக்குக் கிடையாது.

பாருங்கள். இத்தனை பேர் முன்னால். நர்ஸ் வாசலில் நின்று இத்தனை பேர் முன்னால் கேட்கிறாள். நான் போய் என்னவென்று சொல்வேன்? இல்லை, வீட்டுக்காரர் என்று சொன்னால், அப்புறம் அவள் உள்ளே இருந்து என்ன சொல்வாளோ. இந்த நேரத்தில் போய் இதைப் பேசிக்கொண்டு நிற்க முடியுமா? கொஞ்சம் காலை மடக்கிக்கொள்ளம்மா. டம்ளர் எங்கே, இந்த பிளாஸ்க் மூடிதான் டம்ளர்.

"செண்பகவல்லியோட அண்ணன் யாருங்க?"

வாரேன் சிஸ்டர். நான்தான். நான்தான்.